மகளிர் காற்பந்தும் மறு ஆட்டமும்

ஐரோப்பாக் கண்டத்து மகளிர் கழகங்கள் ஆண்டுதோறும் ஒரு கோப்பையைக் குறித்துக் காற்பந்தாடி வருகின்றன. அவ்வாட்டங்கள் நடைபெறும் வேளை நமக்குப் பெரும்பாலும் நள்ளிரவாகும். அந்நேரத்துக் கண்விழித்துக் கைபேசியின் சிறு திரையில் அவற்றைக் கண்டு, மறுநாட் காலை யாப்பிலக்கண வகுப்பில் உறங்கி விழும் மாணாக்கியர் நம் கல்லூரியிற் சிலர் உளர். அவருள் யாமும் ஒருவர் என்பதை எம் ஆசிரியர் முன்னமே அறிவராதலின், ஈண்டு அதனை ஒளிப்பதிற் பயனில்லை.

தமிழ் ஆனர்ஸ் பயில்வோர்க்குக் காற்பந்து எற்றுக்கு என வினவுவாரும் இருப்பர். இக்கட்டுரை எழுதப் புகுந்த காரணம் ஐரோப்பாவில் இல்லை. நம் கல்லூரித் திடலிலேயே இருக்கின்றது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பள்ளிகளிற் பயிலும் பெண்பிள்ளைகளுக்கென ஒரு காற்பந்துப் பந்தயம் நடத்த நம் மாணவர் விளையாட்டுக் குழுவினர் கருதியிருக்கின்றனர். கருத்து மிக நன்று. அதற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகின்றோம். ஆயின் அவர்கள் வரைந்துள்ள திட்டம் இது: 16 பள்ளிகள், ஒரே சனிக்கிழமை, பாதிக்குப் பத்து நிமிடமாக இருபது நிமிட ஆட்டம், தோற்றவர் அப்பொழுதே வெளியேறுவது, மாலையிற் கோப்பை வழங்கிப் படம் எடுத்துக்கொள்வது. இத்திட்டப்படி ஆடப்பெறும் ஆட்டங்கள் 15. அவற்றுள் முதற் சுற்றிலேயே எட்டுப் பள்ளிகள், இருபது நிமிடம் ஆடிய அளவில் வீடு திரும்பும். வந்த பிள்ளைகளிற் சரிபாதிப் பேர்! இதற்கு யாம் உடன்படோம்.

எம் சொந்தக் கதை ஒன்றைக் கூறுதற்கு நேயர் பொறுத்தருள்க. யாம் ஒன்பதாம் வகுப்பிற் பயின்றபோது எம் பள்ளியிற் பெண்கள் காற்பந்துக் குழு ஒன்று தோன்றிற்று. திடல் இல்லை, பள்ளி முற்றத்துச் சிமெண்டுத் தரையே திடல். மூன்று திங்கள் பயின்றோம். எண்மருக்குத் தக்க காலணி இருந்தது. ஏனை மூவர் தம் அண்ணன்மாருடைய காலணிகளின் முனையிற் பழந்துணி அடைத்து அணிந்துகொண்டனர். யாம் கோல் காப்பாளர். உயரம் கருதிக் கிடைத்த பதவி அது, திறமை கருதியன்று. பந்தயத்தன்று விடியுமுன் எழுந்து, ஒரு வேனில் நெருக்கியமர்ந்து சென்றோம். எட்டு மணிக்கு ஆட்டம். ஏழாம் நிமிடத்தில் எம் இடப்புறமாக ஒரு பந்து உருண்டு வந்தது. விரைந்து வந்த பந்துமன்று. குனிந்தோம். அது கைக்கும் காலுக்கும் இடையே நுழைந்து கோலுக்குட் சென்றது. ஒன்றுக்குச் சுன்னம். எட்டரை மணிக்குள் எல்லாம் முடிந்தது. பத்து மணிக்கு எம் வீட்டு வாயிலில் நின்றோம்.

எம் ஆயா காசிமேட்டில் மீன் விற்பவர். அன்றைய விற்பனையை முடித்து வந்து கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், "இன்னாடி, போனதும் வந்துட்டே?" என்றார். தோற்றுவிட்டோம் என்றோம். "சரி வுடு. நாளைக்கி யாரோட?" என்று கேட்டார்.

அவ்வினாவிற்கு எம்மிடம் விடை இல்லை. நாளைக்கு ஒருவரோடும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அவ்வாண்டு முழுதும் இல்லை. ஒருநாள் வலையில் மீன் படாவிட்டால் மறுநாட் படகு கடலேறுவதில்லை என்னும் வழக்கத்தை ஆயா தம் வாழ்நாளிற் கேட்டறியார். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வைக் காரணங்காட்டிக் குழுவைக் கலைத்துவிட்டனர். பதினொருவருட் பின்னர்ப் பந்தைத் தொட்டவர் இருவரே. அவ்விருவருள் யாம் இல்லை.

தோற்றதற்காக யாம் வருந்துகின்றோமல்லோம். எதிர்த்து ஆடியவர் எம்மினும் நன்றாக ஆடினர், தோல்வி முறையானதே. எம் குறை வேறு. தரையில் உருண்டு வரும் பந்திற்குக் குனிதல் ஆகாது, ஒரு முழங்காலை மடித்துத் தரையோடு அணைத்து அதன் பின்னரே கை நீட்டல் வேண்டும் என்பதை அன்று காலை எட்டு மணி ஏழு நிமிடத்திற்குத்தான் யாம் மெய்யாக அறிந்தோம். அறிந்ததைச் செய்து பார்க்க மற்றோர் ஆட்டம் கிடைத்திலது.

நிற்க. தோற்றவர் வெளியேறும் முறையை, அதாவது நம் பேட்டைப் பிள்ளைகள் 'நாக்கவுட்' என வழங்கும் முறையை, யாம் அடியோடு வெறுப்பவரல்லோம். அனைவரும் அனைவரோடும் ஆடும் லீக் முறை நேர்மையில் மிக்கதே. ஆயின் அதில் நெஞ்சு பதைப்பதில்லை. இன்று தோற்றால் முடிந்தது என்னும் அச்சம் இருந்தாலன்றோ திடலைச் சுற்றிக் கூட்டம் கூடும்? அச்சம் இருக்கட்டும். அவ்வச்சத்தை ஒருவர்க்கு எத்தனை நிமிடம் தருவது என்பதே வினா. இதனை ஐரோப்பியர் விடுவித்த வகையை நேயர்க்குச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

அக்கோப்பைப் போட்டி 2001-02ஆம் ஆண்டில் தொடங்கிற்று. முதற் கோப்பையை ஜெர்மனி நாட்டுப் பிராங்க்ஃபர்ட் நகரக் கழகம் வென்றது. 2009-10 முதல் 'மகளிர் சாம்பியன்ஸ் லீக்' என்னும் பெயர் வழங்குகின்றது. 2025 வரையுள்ள கணக்கில் பிரான்சு நாட்டு லியோன் கழகம் எட்டு முறையும், ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாக் கழகம் மூன்று முறையும் கோப்பையைக் கொண்டுள்ளன. 2025-26 முதல் 18 கழகங்கள் முதற் பகுதியில் தலைக்கு ஆறு ஆட்டம் ஆடுகின்றன. அவற்றுள் முதல் நான்கும் நேரே காலிறுதிக்குச் செல்ல, ஐந்தாவது முதற் பன்னிரண்டாவது வரையுள்ளவை தம்முள் மோதி எஞ்சிய நான்கு இடங்களைப் பெறுகின்றன. அம்மோதலும், காலிறுதியும், அரையிறுதியும் ஒவ்வொன்றும் இரண்டு ஆட்டம்: தம் ஊரில் ஒன்று, எதிரியின் ஊரில் ஒன்று. இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்த்தே வெற்றி தோல்வி கூறப்படும். இறுதியாட்டம் மட்டுமே ஒன்று. 2003 முதல் 2009 வரை அதுவும் இரண்டாகவே இருந்தது.

இவ்விரண்டாம் ஆட்டத்தின் பெருமையை 2024-25ஆம் ஆண்டின் ஆர்சனல் கழகத்தைப்போல உலகிற்குக் காட்டியவர் இலர் எனலாம். இலண்டன் மாநகரத்து அம்மகளிர் செப்டம்பர் மாதத்துத் தகுதிச் சுற்றின் தொடக்கத்திலிருந்தே ஆடி ஏறி வர வேண்டியவராயினர். அங்கே ஸ்வீடன் நாட்டு ஹேக்கன் கழகத்திடம் முதலாட்டத்தில் 0-1 எனத் தோற்றனர். மறு ஆட்டத்தில் 4-0 என வென்றனர். பின்னர்த் தொகுதி ஆட்டங்களின் தொடக்கத்திற் பயர்ன் மியூனிக்கிடம் 2-5 எனத் தோற்றனர். சில நாட்களிற் பயிற்றுநர் பதவி துறந்தார். துணைப் பயிற்றுநராயிருந்த ரெனே ஸ்லெகர்ஸ் என்னும் அம்மையார் பொறுப்பேற்றார். 2025 மார்ச்சு மாதத்துக் காலிறுதியில் மாட்ரிட் நகரத்துச் சேற்றுத் திடலில் ரியல் மாட்ரிட்டிடம் 0-2. எட்டு நாட் கழித்து இலண்டனில் 3-0. அரையிறுதியில் தம் சொந்தத் திடலிலேயே லியோனிடம் 1-2. அடுத்த வாரம் லியோனுக்கே சென்று 4-1. மே 24 அன்று லிஸ்பன் நகரத்து இறுதியாட்டத்தில், அனைவரும் பார்சிலோனாவே வெல்லும் எனக் கூறிக்கொண்டிருக்க, 74ஆம் நிமிடத்தில் ஸ்டினா பிளாக்ஸ்டேனியஸ் அடித்த ஒரே கோலால் கோப்பையைக் கைக்கொண்டனர்.

நேயர் இக்கணக்கை ஒருமுறை திரும்ப நோக்குக. மும்முறை முதலாட்டத்தில் தோற்றவர் அவர். நம் குழுவினரின் ஒருநாட் சட்டம் அங்கே நடந்திருக்குமாயின், ஐரோப்பாவின் தலைசிறந்த கழகம் செப்டம்பர் மாதத்திலேயே, முக்காற்பங்கு ஐரோப்பியர் பெயர் கேட்டறியாத ஒரு ஸ்வீடன் கழகத்திடம் தோற்று, மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பியிருக்கும். யாம் லியோனில் நடந்த அம்மறு ஆட்டத்தைக் கண்ட இரவில், எம் இடப்புறமாக உருண்டு சென்ற பழைய பந்தையே நினைத்துக்கொண்டிருந்தோம் என்றால் நேயர் நகையாதிருப்பாராக.

ஐரோப்பியர் செல்வர், அவர்க்கு எல்லாம் இயலும் என்பர் சிலர். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பார்சிலோனாவும் வோல்ஸ்பர்க்கும் ஆடிய அரையிறுதியைக் காண 91,648 பேர் வந்தனர் என்பது உண்மையே. ஆயின் அம்மகளிர் ஆட்டம் செல்வத்திற் பிறந்ததன்று. நம் வடசென்னையைப் போன்ற துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் பிறந்தது. முதல் உலகப்போரின்போது ஆடவர் போர்க்களம் சென்றுவிட, இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள பிளைத் என்னும் துறைமுகத்தில் கப்பல்களின் வெடிப்பொருள்களைக் கையாளும் தொழிலை இளம்பெண்கள் மேற்கொண்டனர். அவர்கள் ஓய்வு நேரத்திற் பந்து உதைத்துப் பழகி ஒரு குழுவாயினர். படைக்கலத் தொழிற்சாலைப் பெண்களுக்கென நடந்த நாக்கவுட் கோப்பையில் இறுதிவரை வந்தனர். 1918 மார்ச்சில் நடந்த இறுதியாட்டம் கோலின்றி முடிந்தது. மே மாதத்தில் மீண்டும் ஆடினர். 5-0 என வென்றனர். பெல்லா ரே என்னும் பெண் அன்று மூன்று கோல் அடித்தார். அங்கும் ஒரு மறு ஆட்டம் இருந்தது காண்க! பிரஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களோ இன்னும் மேலே சென்றனர். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தை 53,000 பேர் கண்டனர். இடமின்றித் திரும்பினோர் பல்லாயிரவர்.

அக்கூட்டமே அவர்க்குப் பகையாயிற்று. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்குத் தகாதது எனக் கூறித் தன்னைச் சார்ந்த கழகங்களின் திடல்களை அவர்க்கு அடைத்துவிட்டது. அத்தடை நீங்கச் சற்றேறக்குறைய ஐம்பது ஆண்டு சென்றது. ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை தடை. (நம் வியாசர்பாடியைக் 'குட்டிப் பிரேசில்' என்று பெருமையோடு கூறுவோர் இதனையும் அறிந்திருத்தல் நலம். முல்லை நகர்த் திடலில் ஆடி இந்தியக் குழுவரை சென்ற நந்தகுமார் சேகரின் பெயரை நம் வட்டாரத்துச் சிறுவர் அனைவரும் அறிவர். சிறுமியர் சொல்லிக்கொள்ளத்தக்க பெயர் அங்கிருந்து இன்னும் வேண்டும்.) ஜெர்மனியிற் தடை நீங்கி 32 ஆண்டில் அந்நாட்டுக் கழகமே முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்றதெனின், பெண்களின் காலில் இல்லாதிருந்தது திறமையன்று, திடலே என்பது விளங்கும்.

தமிழ்நாட்டின் நிலை தாழ்ந்ததன்று. 2018 பிப்ரவரியிற் கட்டக்கில் நடந்த தேசிய மகளிர் போட்டியின் இறுதியில் நம் மாநிலக் குழு, பன்முறை வென்ற மணிப்பூரை 2-1 என வீழ்த்திற்று. 2023 சூனில் அமிர்தசரசில் அரியானாவை அதே கணக்கில் வென்று மீண்டும் கோப்பையைக் கொணர்ந்தது. மதுரையைச் சேர்ந்த சேது காற்பந்துக் கழகம் 2019 மே மாதத்தில் லூதியானாவில் மணிப்பூர்க் காவற்படைக் கழகத்தை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையை எய்தியது. கடலூரிற் பிறந்து தமிழ்நாட்டுக் காவல்துறையிற் பணியேற்ற இந்துமதி கதிரேசன் இந்தியக் குழுவின் நடுக்களத்தில் ஆடியவர். 2025 சூலையில் தாய்லாந்தைச் சியாங் மாய் நகரில் வென்று ஆசியக் கோப்பைக்கு இந்திய மகளிர் தகுதி பெற்ற செய்தியையும் நேயர் அறிவர்.

இந்திய லீக்கின் வரலாற்றில் எம் வாதத்திற்குத் துணையான செய்தி ஒன்று உண்டு. 2022-23 வரையில் எல்லாக் கழகங்களையும் ஓரூரிற் கூட்டி, சில வாரங்களில் ஆட்டங்களை முடித்து அனுப்பிவிடுவதே அங்கும் வழக்கம். 2023-24 முதல் ஒவ்வொரு கழகமும் தன் ஊரிலும் எதிரியின் ஊரிலும் ஆடும் முறை வந்தது. ஆட்டங்கள் பல திங்கள் பரந்தன. நாடே கைக்கொண்ட திருத்தத்தை நாம் ஒரு வட்டாரத்தில் கைக்கொள்ளலாகாதா?

வடசென்னைப் பெண்பிள்ளைகளைக் குறித்து ஐயுறுவார்க்கும் ஒரு செய்தி கூறுவோம். 2018 மே மாதத்தில் மாஸ்கோ நகரில் நடந்த தெருவோரச் சிறார் உலகக் கோப்பையில் இந்தியாவின் பெயரால் ஆடிய சிறுமியர், தண்டையார்பேட்டையிற் பணிபுரியும் கருணாலயா என்னும் அமைப்பின் பிள்ளைகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று பொற்பதக்கம் வென்ற காசிமா நம் புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவர். அவர் தந்தையார் ஆட்டோ ஓட்டுநர். கேரம் பலகைக்கு ஒரு சிறு அறை போதும். காற்பந்திற்குத் திடல் வேண்டும். அவ்வளவே வேற்றுமை.

இனிப் 'பெண்மைக்கு ஒவ்வாது' என்னும் பழைய மறுப்பு. நம் கல்லூரியில் இதனை வாய்விட்டுச் சொல்வார் இலர். வாய்விடாது எண்ணுவார் உளர். அவர்க்கு விடையாகப் பண்டைத் தமிழ் மகளிர் பந்தாடினர், கழங்காடினர், ஓரையாடினர் என்று மேற்கோளை அடுக்குவது நம் துறையினரின் வழக்கம். பெருங்கதையில் மகளிர் ஒருவர்க்கொருவர் போட்டியிட்டுப் பந்தடித்த பகுதியை யாமும் சென்ற பருவத்திற் பயின்றோம். ஆயின் உண்மையைக் கூறிவிடுவோம். அது கையாற் புடைத்த பந்து, காலால் உதைத்ததன்று. அங்கே கண்டு நின்ற அரசன் ஆட்டத்தைக் கண்டானோ ஆடினவளைக் கண்டானோ என்பதும் ஆராயத்தக்கது. ஆகவே அம்மேற்கோளின்மேல் யாம் சாயவில்லை. முன்னோர் செய்தமையாற்றான் ஒரு செயல் தக்கதாகும் எனின், பெண்கள் இக்கல்லூரியில் ஆனர்ஸ் பயில்வதும் தகாததாய்விடும்.

மெய்யான தடைகள் வேறு. அவற்றைக் குழுவினர் எம்மிடம் நேரிற் கூறினர். செலவு என்றனர், நாள் இல்லை என்றனர், பெற்றோர் விடார் என்றனர். ஒருவர் எண்ணூர்ப் பக்கத்துக் காற்றே ஓடுவதற்கு ஆகாது என்றார். காற்றைக் குறித்து அவர் கூறியது பொய்யன்று. ஆயின் அக்காற்றையே மூச்சிழுத்து ஆண்பிள்ளைகள் நாள்தோறும் மாலையில் ஓடுகின்றனர். அவர்களை நிறுத்துமாறு அவர் கூறக் கேட்டிலோம்.

நாட் கணக்கை யாம் தாளில் எழுதியே பார்த்தோம். 16 பள்ளிகளும் இரண்டிரண்டு ஆட்டமாக ஆடுவதாயின் முதற் சுற்றில் 16, காலிறுதியில் 8, அரையிறுதியில் 4, இறுதி 1. ஆக 29 ஆட்டம். சனிக்கிழமைக்கு நான்கு ஆட்டத்திற்கு மிகாமல் வைப்பின் ஒன்பது சனிக்கிழமைகள் ஆகும். சூலை முதற் சனிக்கிழமை தொடங்கின் ஆகஸ்டு இறுதியில், பிந்தினும் செப்டம்பர்த் தொடக்கத்தில், முடிந்துவிடும். காலாண்டுத் தேர்வும் குறுக்கிடாது. வடகிழக்குப் பருவமழையும் குறுக்கிடாது. ஞாயிறு காலை எவரும் கோவிலுக்கும் திடலுக்கும் இடையே தடுமாறவும் வேண்டா. முதலிற் தோற்று வெளியேறும் பள்ளிக்கும் இரண்டு ஆட்டம் உறுதி. இரண்டிற்கும் நடுவே பதினான்கு நாள். அப்பதினான்கு நாளே எம் வேண்டுகோளின் உயிர் என்க. பிழையைத் திருத்திக்கொள்ளும் பயிற்சி அந்நாட்களிலேதான் நடக்கும், ஆட்டத்தன்று நடவாது.

இரண்டாட்டத்துள் ஒன்று ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் அருகே நடத்தல் வேண்டும். பல பள்ளிகட்குத் திடல் இல்லையென்பதை யாம் மறந்திலோம். அருகிலுள்ள மாநகராட்சித் திடலோ அயற்பள்ளித் திடலோ ஒரு மாலைக்குக் கேட்டுப் பெறலாம். இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எம் ஆயா யாம் ஆடியதை ஒருநாளும் கண்டிலர். எம் ஒரே ஆட்டம் தொலைவில், அவர் மீன் விற்கும் வேளையில் நடந்தது. ஆகவே காற்பந்து என்பது எம்மை விடியற்காலையில் எங்கோ கொண்டுபோய் அழுத முகத்தோடு திருப்பி அனுப்பும் ஒன்று என்றே அவர் அறிவார். அவர் காணும்படி, காசிமேட்டிலிருந்து நடக்கும் தொலைவில், மாலை நான்கு மணிக்கு ஓர் ஆட்டம் நடந்திருக்குமாயின், பத்தாம் வகுப்பில் எம்மைத் தடுத்தவர்களோடு அவரே வழக்காடியிருப்பார். ஆயாவின் வழக்காடும் வன்மையைக் காசிமேட்டு ஏலக்காரரைக் கேட்டு அறியலாம்.

பெற்றோரின் அச்சம் உண்மையில் ஆட்டத்தைப் பற்றியதன்று, சாலையைப் பற்றியது. எண்ணூர் விரைவுச்சாலையிற் கன்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் மாலை வேளையில் பன்னிரண்டு வயதுப் பெண்ணை அதனைக் கடந்து அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? ஆயின் 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர்வரை மெட்ரோ ஓடுகின்றது. திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து தண்டையார்பேட்டைக்கு வருவதற்குப் பெருஞ்சாலையில் நெடுந்தூரம் நடக்க வேண்டுவதில்லை. நிலையத்திற்கும் திடலுக்கும் இடையே பிள்ளைகளை அழைத்துச் சென்று அழைத்து வர நம் மாணாக்கியர் பள்ளிக்கு இருவராக முன்வந்தால் 32 பேர் போதும். எம் வகுப்பிலும் அயல்வகுப்புகளிலுமாக இதுவரை 21 பேர் பெயர் கொடுத்துள்ளனர். எஞ்சிய பதினொருவர் இம்மலரைப் படிப்போருள் இருப்பர் என நம்புகின்றோம்.

செலவைப் பற்றி யாம் அதிகம் சொல்லத் தெரியாதவர். ஒருநாட் பந்தயத்திற்கு எழுதியுள்ள செலவுக் கணக்கிற் பந்தல், ஒலிபெருக்கி, விருந்தினர் மாலை, சுழற்கோப்பையன்றித் தனிக்கோப்பைகள் ஆகியவை பெரும்பகுதி கொள்வதை மட்டும் கண்டோம். ஒன்பது சனிக்கிழமைக்குப் பந்தலும் மாலையும் வேண்டா. பந்தும், தண்ணீரும், முதலுதவிப் பெட்டியும், சீட்டி ஊதும் நடுவர் ஒருவரும் போதும். பழைய மாணவர் எவரேனும் காலணி வாங்கித் தர விரும்பின், ஆண்பிள்ளைகளின் அளவிலன்றிப் பெண்பிள்ளைகளின் அளவில் வாங்கித் தருமாறு வேண்டுகின்றோம். துணி அடைத்த காலணியிற் பந்து நேரே செல்லாது.

இறுதியாகக் குழுவினர் கோல் வலைக்கு வழியில்லை என்றனர். அருகிலுள்ள திடல்களிற் கம்பம் உண்டு, வலை இல்லை. வலையில்லாக் கோலில் பந்து உள்ளே சென்றதா வெளியே சென்றதா என்று ஒவ்வொரு முறையும் சண்டை மூளும் என்றனர். இது மெய். எம் சித்தப்பா காசிமேட்டிற் படகுக்காரர். மீன்பிடித் தடைக்காலத்தில் வலை பழுது பார்ப்பதே அவர்க்கு வேலை. பழைய வலைகளை வெட்டி இரண்டு கோலுக்கு முடைந்து தர இசைந்திருக்கின்றார். கூலி வேண்டா என்றார். அளவு மட்டும் கேட்டார். 24 அடி அகலம், 8 அடி உயரம் என்று எழுதிக் கொடுத்திருக்கின்றோம்.